ஓவர்லோட் செய்த ஃபங்ஷன்களுக்கு ஒரே கமெண்டை நான்கு முறை எழுத வேண்டுமா?

கேள்வி

வணக்கம். எடை மெஷினோடு சீரியல் போர்ட் வழியாகப் பேசும் ஒரு சி++ லைப்ரரி இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. அதில் தகவல் அனுப்புவதற்கு ஒரே பெயரில் நான்கு ஃபங்ஷன்கள் (இதைத்தான் ஓவர்லோட் என்கிறோம்): ஒரு பைட் வாங்குவது, ஸ்ட்ரிங் வாங்குவது, பாயின்டரும் நீளமும் வாங்குவது, அவற்றோடு டைம்அவுட்டும் வாங்குவது. முன்பு எழுதியவர் ஒரே விளக்கத்தை நான்கின் தலையிலும் ஒட்டியிருக்கிறார். அப்புறம் ஆளாளுக்குத் திருத்தியதில், டைம்அவுட் ஓரிடத்தில் விநாடி, இன்னோரிடத்தில் மில்லி விநாடி என்று இருக்கிறது. நிரலைப் படித்தால் மில்லி விநாடிதான்.

கமெண்டுகளிலிருந்து ஆவணம் தயாரிக்கும் கருவியான டாக்ஸிஜனில் ஓவர்லோட் என்றே ஒரு கட்டளை இருக்கிறது. ஒன்றுக்கு முழு விளக்கம் எழுதிவிட்டு, மற்ற மூன்றிலும் அதைப் போட்டால் போதுமா?

பதில் 1

போதுமா என்பது அந்த நான்கும் உண்மையில் ஒரே வேலையைத்தான் செய்கின்றனவா என்பதைப் பொறுத்தது. அந்தக் கட்டளை போட்டால், "இது வசதிக்காகத் தரப்பட்டது, மேலே உள்ளதிலிருந்து ஆர்க்யுமென்ட் மட்டுமே வேறு" என்ற பொருளில் ஒரு வாக்கியம் தானாக வந்து விழும். அது உண்மையாக இருந்தால் மட்டும் போடுங்கள்.

சி++ ஸ்ட்ரிங் கன்ஸ்ட்ரக்டரையே (புது ஸ்ட்ரிங்கை உருவாக்கும் ஃபங்ஷன்) பாருங்கள். "12345" என்று மேற்கோளுக்குள் எழுதி, கூடவே 2 கொடுத்தால் "12" கிடைக்கும். அதே "12345" ஒரு ஸ்ட்ரிங் ஆப்ஜெக்டில் இருந்து, அதோடு 2 கொடுத்தால் "345" கிடைக்கும். முதலாவதில் 2 என்பது எத்தனை எழுத்து. இரண்டாவதில் எந்த இடத்திலிருந்து. எண் அளவுக்கு மீறினால் இரண்டாவது எக்செப்ஷன் எறியும். முதலாவதில் என்ன நடக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. இப்படிப்பட்ட ஜோடிக்கு "ஆர்க்யுமென்ட் மட்டுமே வேறு" என்று எழுதினால் படிப்பவரை நாமே குழியில் தள்ளுகிறோம்.

உங்கள் விஷயத்தில் டைம்அவுட் வாங்கும் வடிவத்துக்கு முழு விளக்கம் எழுதுங்கள். மற்றவற்றில் வித்தியாசம் மட்டும்: டைம்அவுட் கொடுக்காவிட்டால் எவ்வளவு நேரம் காத்திருக்கும், ஸ்ட்ரிங்கின் முடிவில் உள்ள பூஜ்ய பைட்டும் போகுமா போகாதா. இன்னொன்று, ஓவர்லோட் கட்டளையை ஒற்றை வரி கமெண்டில் போட்டால் வேலை செய்யாது.

பதில் 2

நான் ஜாவாக்காரன். ஒரு விஷயத்தில் மாறுபடுகிறேன். இன்று பெரும்பாலோர் எடிட்டரில் மவுஸை மேலே வைத்தால் வரும் சின்னப் பெட்டியில்தான் இதைப் படிக்கிறார்கள். அங்கே "மேலே உள்ளது" என்று எதுவும் கிடையாது. அதனால் ஒவ்வொரு வடிவத்தின் முதல் வாக்கியமும் தனியாக நிற்க வேண்டும். ஜாவா லிஸ்டில் 5, 6, 1 இருக்கும்போது ரிமூவ் ஃபங்ஷனுக்கு வெறும் 1 கொடுத்தால் 6தான் போகும், ஏனென்றால் அது இடத்தின் எண். ஆப்ஜெக்டாகக் கொடுத்தால் 1 போகும். ஜாவாவின் ஆவணமான ஜாவாடாக் இரண்டையும் தனித்தனியாகத்தான் விளக்குகிறது: ஒன்றில் "இந்த இடத்தில் உள்ளதை", இன்னொன்றில் "முதலில் வரும் இந்த மதிப்பை". அந்த அரை வரிதான் நம்மைக் காப்பாற்றுகிறது.

கேட்டவர்

சரி, முதல் வாக்கியம் நான்கிலும் தனித்தனியாக எழுதுகிறேன். பிழை வந்தால் எந்த எண் திரும்பும் என்ற பட்டியல் மட்டும் நான்குக்கும் பொது. அதை எங்கே வைப்பது?

பதில் 1

டாக்ஸிஜனில் காப்பிடீட்டெயில்ஸ் கட்டளை இருக்கிறது. சுருக்க வரியை விட்டுவிட்டு, விரிவான பகுதியை மட்டும் எடுத்து வரும். ஓவர்லோட் ஆன ஃபங்ஷனைச் சுட்டும்போது பெயரோடு ஆர்க்யுமென்ட் வகைகளையும் அடைப்புக்குள் கொடுங்கள், நடுவில் ஸ்பேஸ் விடாமல். வெறும் பெயர் கொடுத்தால் நான்கில் எது என்று அதற்கு எப்படித் தெரியும்? பாராமீட்டர் விளக்கங்களும் கூடவே வந்துவிடும். டைம்அவுட் இல்லாத வடிவத்தில் "அப்படியொரு ஆர்க்யுமென்ட் இல்லை" என்று வார்னிங் வரும். அதனால் பிழை எண் பட்டியலை அந்த எண்களுக்குப் பெயர் வைக்கும் enum அருகிலேயே ஒருமுறை எழுதி, நான்கிலிருந்தும் அதற்கு இணைப்பு கொடுத்துவிடுங்கள். நானாக இருந்தால் அப்படித்தான் செய்வேன்.