தாத்தாவின் நோட்டில் உள்ள புஷெல், பெக்: லிட்டரில் எவ்வளவு?

குன்னூர் நாற்றங்கால்:
வணக்கம். என் தாத்தா வெள்ளைக்காரர் பங்களாவில் தோட்ட வேலை பார்த்தவர். அவருடைய நோட்டில் தொட்டிக் கலவைக்கு ஒரு குறிப்பு இருக்கிறது: மக்கிய புல்தரை மண் 7 பங்கு, பீட் (சதுப்பு நிலத்தில் பாதி மக்கிய தாவரப் பொருள்) 3 பங்கு, பருமணல் 2 பங்கு. ஒரு புஷெல் கலவைக்கு அடியுரம் 4 அவுன்ஸ், சுண்ணாம்புக்கல் தூள் முக்கால் அவுன்ஸ். மே மாத மலர்க் காட்சிக்கு ஃபியூஷியா தொட்டிகளை இந்த முறையில் தயார் செய்ய ஆசை. இணையத்தில் ஓரிடத்தில் புஷெல் 35.24 லிட்டர், இன்னோரிடத்தில் 36.37 லிட்டர், மற்றொன்றில் 27 கிலோ என்கிறார்கள். எதை எடுத்துக்கொள்வது?

உதகைத் தோட்டக்காரர்:
27.2 கிலோ என்பது கோதுமைக்கு. அமெரிக்காவில் ஒரு புஷெல் கோதுமையை 60 பவுண்டு என்று எடைக்கணக்கில் வைத்தார்கள். மண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 36 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

கோத்தகிரி அக்கா:
தம்பி, இது நோட்டில் தற்செயலாக எழுதிய கணக்கு இல்லை. 1930களில் இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனத்தில் உருவான கலவை இது. ஆகவே இம்பீரியல் புஷெல்தான்: 36.37 லிட்டர். 35.24 அமெரிக்க அளவு. 1824 சட்டத்தில் பிரிட்டன் காலனைப் புதிதாக வரையறுத்தது. அமெரிக்கா பழைய வின்செஸ்டர் புஷெலிலேயே நின்றுவிட்டது. இம்பீரியல் முறையில் உலர்பொருளுக்கும் திரவத்துக்கும் காலன் ஒன்றுதான், 4.546 லிட்டர். இரண்டு காலன் ஒரு பெக், நான்கு பெக் ஒரு புஷெல்.

அந்தக் காலத்தில் 22 அங்குல நீளம், 10 அகலம், 10 உயரத்தில் ஒரு மரப்பெட்டி செய்து வைத்திருந்தார்கள். கணக்குப் போட்டால் 36.05 லிட்டர் வரும். நீங்கள் பெட்டி தேட வேண்டாம். 20 லிட்டர் பெயிண்ட் வாளியைக் கழுவி, லிட்டர் குவளையால் 18 லிட்டர் தண்ணீர் ஊற்றி, மட்டம் நிற்கும் இடத்தில் கோடு போடுங்கள். அந்தக் கோடு வரை இரண்டு வாளி, ஒரு புஷெல். 9 லிட்டருக்கும் ஒரு கோடு போட்டால் அது பெக். ஒரு புஷெல் போட 21 லிட்டர் மண், 9 பீட், 6 மணல்.

இனி நான் சொல்வதுதான் முக்கியம். உரத்தின் அளவு கலந்து முடித்த மண்ணுக்கு. மணல், மண்ணின் இடைவெளிக்குள் இறங்கிவிடும். 36 லிட்டர் போட்டால் கலந்தபின் அதைவிடக் குறையும். எனவே கலந்து, மறுபடி வாளியில் அளந்து, லிட்டருக்கு 3.1 கிராம் அடியுரம், 0.6 கிராம் சுண்ணாம்புக்கல் தூள் என்று போடுங்கள். புஷெலுக்கு 113 கிராமும் 21 கிராமும்தான் அது. வாளியை அமுக்கி நிரப்பாதீர்கள், குவிக்காதீர்கள். தளர்வாகப் போட்டு, கோட்டின் மட்டத்துக்குச் சமப்படுத்துங்கள். கையில் பிடித்தால் உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிரும் ஈரத்தில் அளக்க வேண்டும். கையளவு உரம் என்று தூவும் பழக்கத்தை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். இளம் வேர் கருகுவது அங்கேதான்.

குன்னூர் நாற்றங்கால்:
மிக்க நன்றி அக்கா. அடியுரம் என்பது எது? பீட்டுக்குப் பதில் தென்னை நார்க் கழிவு போடலாமா? அசேலியாவுக்கும் இதே கலவை ஆகுமா?

கோத்தகிரி அக்கா:
குளம்பு கொம்புத் தூள் 2, சூப்பர் பாஸ்பேட் 2, பொட்டாசியம் சல்பேட் 1 என்று எடைக்கணக்கில் கலந்ததுதான் அடியுரம். நார்க் கழிவு போடலாம். உப்பு போகப் பலமுறை தண்ணீரில் அலசிப் பிழியுங்கள். நீற்றிய சுண்ணாம்பைப் போட்டுவிடாதீர்கள், அதன் காரம் அதிகம்.

அசேலியா, கமேலியாவுக்குச் சுண்ணாம்பே கூடாது. நம் மலை மண் புளிப்பானது, அதனால்தான் தேயிலை வருகிறது. அந்தப் புளிப்பு இவற்றுக்கும் வேண்டும். சுண்ணாம்பை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அப்படியே செய்யுங்கள்.

உதகைத் தோட்டக்காரர்:
பெரிய ஃபியூஷியா தொட்டிகளுக்கு மாற்றும்போது ஜான் இன்னஸ் முறையின் இரண்டாம் எண் கலவை: அடியுரமும் சுண்ணாம்பும் இரு மடங்கு, லிட்டருக்கு 6.2 கிராமும் 1.2 கிராமும். நாற்று நடும் சிறு தொட்டிக்கு அக்கா சொன்ன அளவே சரி.