1918 ஜார்ஜ் காசு, பம்பாய் முத்திரை என்கிறார். வாங்கலாமா? (அவசரம்)

குடியாத்தம்_பையன் (வெள்ளி, இரவு 9:12)
வணக்கம். ஆற்காட்டில் ஒருவரிடம் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட பழைய சவரன் காசு ஒன்று விலைக்கு இருக்கிறது. தங்கம்தான், பார்த்தாலே தெரிகிறது. வருஷம் 1918. பம்பாயில் அடித்தது, கிடைக்கவே கிடைக்காது என்கிறார். தங்க விலைக்கு மேல் 30 ஆயிரம் கேட்கிறார். ஞாயிறு காலைக்குள் பதில் சொல்ல வேண்டும், இன்னொருவரும் கேட்டிருக்கிறாராம். தரம் எப்படிப் பார்ப்பது, இந்த விலை சரியா? சீக்கிரம் சொல்லுங்கள். படம் இணைத்திருக்கிறேன்.

காசுப்பெட்டி (வெள்ளி, 9:20)
படத்தில் மன்னர் தலை மட்டும்தான் இருக்கிறது தம்பி. குதிரைப் பக்கம் எங்கே? எடை எவ்வளவு? முழுக் காசா, அரைக் காசா? விளிம்பில் கொக்கி வைத்த தடம் இருக்கிறதா?

சேண்பாக்கம் (வெள்ளி, 9:31)
தங்க விலை என்று எதைச் சொல்கிறார்? 22 கேரட் கடை விலையா, 24 கேரட்டா? எத்தனை கிராமுக்கு? காசைக் கையில் வாங்கிப் பார்த்தீர்களா, வாட்ஸப் படம்தானா?

உரைகல் (வெள்ளி, 9:48)
நாங்கள் மூன்று தலைமுறையாகத் தங்க வேலை செய்கிறவர்கள். நல்ல பத்தரிடம் எடுத்துப்போய் உரைகல்லில் ஒரு இழை இழைக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்கும் 22 கேரட் உரையாணியையும் இழைத்து, அமிலம் ஒரு சொட்டு விட்டால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். இந்தக் காசில் கலப்பு செம்பு என்பதால் கோடு கொஞ்சம் சிவந்து விழும். என் அப்பா கோட்டைப் பார்த்தே மாற்று, அதாவது தங்கம் எவ்வளவு சுத்தம் என்று, சொல்வார்.

நாணயச்சுவடி (வெள்ளி, 10:05)
இதே கேள்விக்கு இங்கே பலமுறை எழுதியிருக்கிறேன். கேட்பதற்கு முன் தேடிப் பார்க்கும் பழக்கம் வர வேண்டும். சரி, இன்னொரு முறை சொல்கிறேன்.

தங்கத்தின் மாற்று வேறு, நாணயத்தின் தரம் வேறு. சவரன் காசு எல்லாமே 22 கேரட், மாற்றில் ஏற்ற இறக்கம் கிடையாது. தரம் என்பது தேய்மானம். அதற்கு 1 முதல் 70 வரை ஷெல்டன் அளவுகோல் இருக்கிறது. ஜார்ஜ் காசில் முதலில் தேய்வது மன்னரின் காதுக்கு மேலுள்ள முடி, மீசை, தாடி. பின்பக்கம் வீரனின் தொடையும் குதிரையின் மார்பும். அந்த மேடுகள் வழவழவென்று தட்டையாக இருந்தால் நன்றாகப் புழங்கிய காசு. மேடுகளில் தேய்மானமே இல்லாமல், சாய்த்துப் பார்க்கும்போது வெளிச்சம் சக்கரம் மாதிரி சுழன்றால் 60க்கு மேல் பேசலாம். பாலிஷ் போட்ட காசுக்குத் தரமே கிடையாது.

உரைகல் ஐயா, கல்லில் இழைத்தால் விளிம்பு போய்விடும். காசு வாங்க வந்தவரிடம் காசைக் கெடுக்கவா சொல்வது?

உரைகல் (வெள்ளி, 10:17)
மயிரிழை அளவு பொடி. அதற்குப் பயந்துகொண்டு பித்தளையை வாங்கலாமா?

நாணயச்சுவடி (வெள்ளி, 10:21)
தடிமனாக முலாம் போட்டிருந்தால் உங்கள் கல்லும் 22 என்றுதான் சொல்லும்.

பாலாறு_அக்கா (வெள்ளி, 10:50)
சண்டை வேண்டாம், வீட்டிலேயே பார்க்க வழி இருக்கிறது. சரியான எடை 7.988 கிராம், குறுக்களவு 22.05 மில்லிமீட்டர், தடிமன் 1.52 மில்லிமீட்டர். புழங்கி எடை கொஞ்சம் குறைந்திருக்கும். அந்தக் காலத்தில் சுமார் 7.94க்குக் கீழே போனால் காசு செல்லாது.

புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் காட்டும் சின்னத் தராசு ஒன்று வாங்குங்கள். அதன்மேல் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்து எண்ணைச் சுழியாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டித் தண்ணீருக்குள் இறக்குங்கள். அடியிலும் பக்கத்திலும் படக் கூடாது, குமிழி ஒட்டியிருக்கக் கூடாது. தராசு 0.45 பக்கம் காட்ட வேண்டும். 7.99ஐ 0.45ஆல் வகுத்தால் 17.7 வரும், அதுதான் செம்பு கலந்த 22 கேரட்டின் அடர்த்தி. அதே எடையில் பித்தளை என்றால் 0.9க்கு மேல் ஏறிவிடும். இந்தச் சோதனையில் காசுக்கு ஒரு கீறலும் விழாது.

காசுப்பெட்டி (சனி, காலை 6:40)
விலைக் கணக்கையும் போட்டுவிடுகிறேன். ஒரு காசில் சுத்தத் தங்கம் 7.32 கிராம். அன்றைய 24 கேரட் கிராம் விலையால் பெருக்குங்கள், அதுதான் அடிமட்டம். அதற்கு மேல் கொடுப்பதெல்லாம் வருஷத்துக்கும் தரத்துக்கும்தான். பம்பாய் சவரன் 1918 ஒரே வருஷம்தான் அடித்தார்கள், உண்மை. ஆனால் சுமார் 13 லட்சம் அடித்தார்கள். கிடைக்கவே கிடைக்காது என்பது வியாபாரப் பேச்சு. புழங்கிய காசுக்கு 30 ஆயிரம் அதிகம்.

சேண்பாக்கம் (சனி, 7:15)
அவர் 8 கிராமுக்குக் கணக்குப் போடுகிறாரா என்று கேளுங்கள். சவரன் 8 கிராம் என்பது இப்போதைய கடைக் கணக்கு, காசு அவ்வளவு இருக்காது.

கோட்டைவாசல் (சனி, 7:32)
சவரன் என்றால் 8 கிராம்தான். சின்ன வயசிலிருந்து வேலூர் லாங் பஜாரில் அப்படித்தான் வாங்குகிறோம்.

சேண்பாக்கம் (சனி, 7:40)
அந்தப் பெயரே இந்தக் காசிலிருந்து வந்ததுதானே? காசு 7.988. பிற்பாடு கணக்குக்கு வசதியாக 8 ஆக்கிக்கொண்டார்கள்.

கோட்டைவாசல் (சனி, 7:44)
12 மில்லிகிராமுக்கு இவ்வளவு பேச்சா?

சேண்பாக்கம் (சனி, 7:52)
நூறு காசு மாலைக்கு 1.2 கிராம் ஆகிறது. விற்கிற வீட்டுக்கு அது சின்னத் தொகை இல்லை.

உரைகல் (சனி, 8:10)
எங்கள் பாட்டி பவுன் என்றுதான் சொல்வார்கள். சவரன் பட்டணத்துப் பேச்சு.

கோட்டைவாசல் (சனி, 8:14)
காட்பாடியில் எல்லாரும் சவரன்தான் சொல்கிறோம்.

ராணிப்பேட்டை_77 (சனி, 8:30)
கேட்டவரைக் கொஞ்சம் கவனியுங்கள். தம்பி, இது பாட்டி வீட்டுக் காசா, பள்ளம் தோண்டும்போது கிடைத்தது என்கிறாரா? எங்கள் சித்தப்பாவிடம் அப்படித்தான் வந்தார்கள். முதலில் ஒரே ஒரு காசைக் கொடுத்து, எங்கே வேண்டுமானாலும் சோதித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அது அசல் தங்கம். பிறகு இருட்டில், பைபாஸ் பக்கத்தில் கைமாறிய பையில் இருந்தது முழுக்கப் பித்தளை. வீடு கட்ட வைத்திருந்த பணம். சித்தி இன்னமும் அதைப் பேசினால் எழுந்து உள்ளே போய்விடுவார்கள். புதையல் என்ற சொல் காதில் விழுந்தால் எழுந்து வந்துவிடுங்கள். அசலாகவே பூமியில் கிடைத்திருந்தாலும் கலெக்டருக்குச் சொல்ல வேண்டிய பொருள் அது.

குடியாத்தம்_பையன் (சனி, மதியம் 1:05)
எல்லாருக்கும் நன்றி. புதையல் எல்லாம் இல்லை, அவர் பாட்டியின் காசுமாலையில் இருந்ததாம். முழுக் காசு. ஆற்காட்டில் ஒரு கடைத் தராசில் போட்டோம், 7.97. மேலே மன்னர் தலைக்கு நேராக விளிம்பில் சின்னதாக ஒரு மேடு இருக்கிறது. குதிரைக்குக் கீழே எழுத்து எதுவும் தெரியவில்லை, தேய்ந்திருக்கும் போல. மற்றபடி பளபளவென்று இருக்கிறது.

காசுப்பெட்டி (சனி, 1:12)
எழுத்து இல்லையா? வருஷத்துக்கு மேலே, தரைக் கோட்டின் நடுவில் பார்த்தீர்களா? பம்பாய் என்றால் அங்கே ஆங்கில ஐ இருக்கும். படம் போடுங்கள்.

நாணயச்சுவடி (சனி, 1:20)
விளிம்பில் மேடு என்றால் மாலைக்குப் பற்றவைத்த கொக்கியை அறுத்திருக்கிறார்கள். பளபளப்பு பாலிஷ். இரண்டும் சேர்ந்தால் தங்க விலை மட்டும்தான். எழுத்து இல்லையென்றால் லண்டன் காசு, பம்பாய் என்று சொல்லி ஏமாற்றுகிறார். நேற்றே முழு விவரமும் கொடுத்திருந்தால் இத்தனை பதிவு தேவைப்பட்டிருக்காது.

பாலாறு_அக்கா (சனி, 1:41)
சுவடி சார், இந்த இடத்தில் நீங்கள் தவறுகிறீர்கள். 1918இல் லண்டனில் சவரன் அடிக்கவே இல்லை. 1917இல் நிறுத்தினார்கள், மறுபடி அடித்தது 1925இல். 1918 காசு என்றால் ஐந்து எழுத்தில் ஒன்று இருந்தே ஆக வேண்டும்: பம்பாய்க்கு ஐ, சிட்னிக்கு எஸ், மெல்போர்னுக்கு எம், பெர்த்துக்கு பி, கனடாவின் ஒட்டாவாவுக்கு சி.

தேய்ந்து போயிருக்கும் என்பதும் சரிவராது தம்பி. அந்த எழுத்து பள்ளமான இடத்தில் இருக்கிறது. அது தேய்வதற்கு முன் குதிரை மார்பும் வீரன் தொடையும் மழுங்கியிருக்கும், எடையும் 7.97 நிற்காது. அதனால் பத்து மடங்கு லென்ஸ் வைத்துப் பாருங்கள். பாலிஷ் பசையும் அழுக்கும் அடைத்திருந்தாலும் மறையும். அப்படியும் எழுத்து இல்லையென்றால் அது எந்த நாணயச்சாலையிலும் அடித்த காசு இல்லை. கழுத்து வெட்டில் பிஎம், வருஷத்துக்கு வலது பக்கம் பிபி என்று காசை வடிவமைத்தவர்களின் பெயர் முதலெழுத்துகள் குட்டியாக இருக்கும், அவை கூர்மையாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

கோட்டைவாசல் (சனி, 1:55)
எடை சரியாக இருக்கிறதே அக்கா, போலி எப்படி?

பாலாறு_அக்கா (சனி, 2:10)
தங்கத்திலேயே போலி செய்திருக்கிறார்கள். 1950களில் பெய்ரூட் பக்கமும் இத்தாலியிலும் நிறைய அடித்தார்கள். காசாக விற்றால் தங்கத்தைவிட விலை கூடுதல், அதுதான் காரணம். தண்ணீர்ச் சோதனையிலும் கல்லிலும் இது அநேகமாகத் தேறிவிடும்.

உரைகல் (சனி, 2:25)
கல் தங்கம் என்று சொன்னால் தங்கம். காசுமாலைக்கு அது போதும் அம்மா. எந்த வீட்டில் லென்ஸ் வைத்துப் பார்த்தார்கள்?

பாலாறு_அக்கா (சனி, 2:33)
மாலைக்குப் போதும் ஐயா, அதில் உங்கள் பேச்சுதான் சரி. இந்தத் தம்பி கொடுக்கப்போவது 30 ஆயிரம் கூடுதல், அது எழுத்துக்கான விலை.

நாணயச்சுவடி (சனி, 3:02)
1918 லண்டன் விஷயம் அக்கா சொன்னது சரி. நான் 1917 காசை மனதில் வைத்து எழுதிவிட்டேன்.

சேண்பாக்கம் (சனி, 3:15)
தம்பி, ஹால்மார்க் மையத்தில் மெஷினில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வெட்ட மாட்டார்கள். மெஷின் மேல்தோலைத்தான் படிக்கும், அதனால் கொக்கி அறுத்த மேட்டில் வைக்காமல் நடுவில் வைக்கச் சொல்லுங்கள். பற்றவைத்த இடத்தில் பற்றுவைக்கும் பொடி கலந்திருக்கும், குறைத்துக் காட்டும்.

ராணிப்பேட்டை_77 (சனி, இரவு 9:40)
தம்பி, என்ன ஆச்சு? நாளைக் காலை என்று சொன்னீர்களே.

காசுப்பெட்டி (ஞாயிறு, மதியம் 12:20)
வாங்கிவிட்டீர்களா?

குடியாத்தம்_பையன் (செவ்வாய், இரவு 10:31)
மன்னிக்கவும், வேலையில் மாட்டிக்கொண்டேன். லென்ஸில் பார்த்தோம், எழுத்து இல்லை. பிபி என்பது இரண்டு புள்ளி மாதிரி குழம்பி இருந்தது. அவரே வேலூருக்குக் கூட வந்தார், மெஷினில் தங்கம் 91.3 சதவீதம் என்று காட்டியது. தங்க விலைக்குத் தருகிறீர்களா என்றேன், முடியாது, பாட்டி காசு என்று சொல்லி எடுத்துப்போய்விட்டார். அவருக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன், முகம் வாடிவிட்டது. வாங்கவில்லை. அக்காவுக்கு நன்றி.

சேண்பாக்கம் (செவ்வாய், 10:44)
91.3 நடுவில் வைத்துப் பார்த்ததா, மேட்டிலா? அவர் விற்க நினைத்தால் எனக்குச் சொல்லச் சொல்லுங்கள், தங்க விலைக்கு நான் எடுத்துக்கொள்கிறேன், 7.97க்கே கணக்கு.