சாய்வுதள வேலைக்கு டெண்டர் நிபந்தனை மாதிரி வேண்டும்

வணக்கம். மாநகராட்சிகளில் மாற்றுத்திறனாளிகள் அணுகல் பிரிவை நடத்துகிறவர்கள் உதவுங்கள். வார்டு அலுவலக வாசல்களைச் சரிசெய்யும் டெண்டருக்கு நிபந்தனை வாசகம் தேவை.

சிக்கல் அளவில்தான். சாய்வு 1:12 (ஒரு பங்கு உயரத்துக்கு 12 பங்கு நீளம்) என்றால், தலா 15 செ.மீ. உயரமுள்ள மூன்று படிக்கு 5.4 மீட்டர் நீளம் வேண்டும். சக்கர நாற்காலி திரும்ப மேலேயும் கீழேயும் 1.5 மீட்டர் சமதளம் தனி. இடமில்லை என்று 2 மீட்டரில் முடித்துவிடுகிறார்கள். அதில் துணையில்லாமல் ஏறவே முடியாது, இறங்கும்போது நாற்காலி முன்பக்கம் கவிழும். பக்கவாட்டில் மடக்கிக் கட்டினால் பல வாசல்களில் இடம் கிடைக்கும். ஆனால் மதிப்பீட்டில் 'சாய்வுதளம் - 1' என்று ஒரே வரி இருந்தால் யார் மடக்குவார்கள்? வழுக்கும் டைல்ஸ் வேறு. மழையில் அது படியைவிட மோசம்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 44ஆம் பிரிவு, விதிப்படி கட்டாத கட்டடத்துக்கு நிறைவுச் சான்று தரக்கூடாது என்கிறது. பழைய கட்டடத்தில் செய்யும் சிறு வேலைக்கு அந்தப் பிடி கிடைப்பதில்லை. பில் ஒன்றுதான் பிடி.

ஆகவே கேட்பது இவை: டிஜிட்டல் மட்டக்கருவியில் சாய்வை அளந்து (4.8 டிகிரிக்குள்) எம்-புக்கில் (வேலையின் அளவுப் பதிவேடு) பதிந்த பிறகே பில் என்று யாராவது நிபந்தனை போட்டிருக்கிறீர்களா? தணிக்கையில் அது நின்றதா? இறுதி ஆய்வில் சக்கர நாற்காலி பயன்படுத்துபவரைச் சேர்த்தால் அவருக்கான மதிப்பூதியத்தை எந்தக் கணக்குத் தலைப்பில் கொடுத்தீர்கள்? அவரை இலவசமாக அழைப்பது சரியல்ல. வாசகம் இருந்தால் அப்படியே பதியுங்கள்.