அப்பாவுக்கு அது ராஜேந்திர சோழன்

விமானத்தைப் பார்த்ததும் அது ஆணா பெண்ணா என்று எனக்குத் தோன்றிவிடும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இதை எனக்குப் பழக்கியவர் அப்பா. அவர் குன்னூர் லோகோ ஷெட்டில் வேலை பார்த்தவர். மலை ரயிலின் நீராவி எஞ்சினை அவர் 'அது' என்று சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை. "கல்லாறு தாண்டினதுமே அவளுக்கு மூச்சு வாங்கிருச்சு, ஹில்குரோவ்ல தண்ணி குடிச்சப்புறம்தான் சரியானா" என்றுதான் வீட்டில் பேச்சு. கல்லாற்றிலிருந்து குன்னூர் வரைக்கும் அந்த எஞ்சின் முன்னால் நின்று இழுக்காது, பெட்டிகளுக்குப் பின்னால் நின்று, பல்சக்கரத்தால் நடுவிலிருக்கும் பல்தண்டவாளத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே ஏறும். "குடும்பத்தையே பின்னால நின்னு தாங்குறவ வேற யாரு, பொம்பளைதானே" என்பார்.

1981ல் சித்தப்பா துபாய்க்கு வேலைக்குப் போனார். வழியனுப்ப அப்பா பம்பாய் வரை போனார், அவர் வாழ்க்கையில் முதலும் கடைசியுமான பம்பாய்ப் பயணம் அது. திரும்பி வந்து மாசக்கணக்கில் பேசியது ஒரே விஷயத்தைத்தான்: ஏர் இந்தியாவின் ஜம்போ, போயிங் 747. ஜன்னல்களைச் சுற்றி அரண்மனை மாடம் மாதிரி சிவப்பு வளைவுகள், மூக்குப் பக்கம் இங்கிலீஷில் எம்பரர் ராஜேந்திர சோழன் என்று பெயர். "நம்ம சோழன் பேரும்மா! அவன் மண்டையைப் பாக்கணுமே, கல்லாறு காட்டுல நிக்கிற கொம்பனோட மத்தகம் மாதிரி" என்று கையால் காற்றில் வரைந்து காட்டுவார். எஞ்சினுக்கு 'அவ', விமானத்துக்கு 'அவன்', அன்றைக்கு முடிவானது.

அப்புறம் ஊட்டியில் காலேஜ் படிக்கும்போது ஒரு பத்திரிகையில் பார்த்தேன், அதே 747ஐ உலகம் முழுக்க வானத்து ராணி என்று சொல்கிறார்களாம். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது, நிஜமாகவே. ரொம்ப நேரம் கழித்து "அவங்க பாத்தது வேற விமானமா இருக்கும்" என்றார். பத்திரிகைப் படத்தில் விமானத்தின் முன்தலையில் புடைத்திருந்த அந்த மேடு எனக்கு மத்தகமாகத் தெரியவில்லை, பின்னல் போடாமல் உச்சியில் முடிந்த கொண்டை மாதிரி இருந்தது, ஆனால் அதை அவரிடம் சொல்லவில்லை. அந்த மேடு வந்த காரணம் இன்னும் பிறகுதான் தெரிந்தது: பயணிகள் எல்லாரும் ஒலியை மிஞ்சும் விமானங்களுக்குப் போய்விடுவார்கள், இது கடைசியில் சரக்கு ஏற்றத்தான் ஆகும் என்று நினைத்து, மூக்கைத் தூக்கிச் சரக்கை நேராக உள்ளே தள்ள வசதியாக விமானி அறையை மேலே வைத்துவிட்டார்கள். கொண்டையும் மத்தகமும் நாங்களாகப் பார்த்ததுதான், அப்பா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

ஏர் இந்தியா வைத்த பெயர்களை வரிசையாகப் பார்த்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம் தீராது. 1948 ஜூன் 8ல் பம்பாயிலிருந்து லண்டனுக்கு முதலில் பறந்த கான்ஸ்டலேஷன் விமானத்துக்குப் பெயர் மலபார் பிரின்சஸ். நம்ம குன்னூர் டால்பின்ஸ் நோஸ் பாறைக்குப் பேர் வைத்தவர்கள் அந்த விமானத்தைப் பார்த்திருந்தால் டால்பின் என்றே சொல்லியிருப்பார்கள், உடம்பு அப்படி வளைந்திருக்கும், வாலில் மூன்று செங்குத்துத் துடுப்புகள் வேறு. அப்புறம் ஜெட் வந்தது, போயிங் 707களுக்கு இமயமலைச் சிகரங்களின் பெயர். அதில் ஒன்று கௌரிசங்கர், பாதி அம்மன் பாதி சிவன்! அதற்கப்புறம் வந்த 747களுக்குச் சக்கரவர்த்திகள். விமானம் பெரிசாகப் பெரிசாக இளவரசி போய் அரசன் வந்துவிட்டான். பெரிசு என்றால் ஆண்தான் என்று யாரோ முடிவு செய்த மாதிரி இருக்கிறது, அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஆனால் போயிங் 777ஐ மட்டும் என்னால் பெண்ணாகப் பார்க்கவே முடிந்ததில்லை. கொச்சியிலிருந்து வீட்டுக்காரரைப் பார்க்கப் போனபோது ஏறினேன். ஒரு எஞ்சினின் கூடு ஏறக்குறைய 737 என்கிற சின்ன விமானத்தின் உடம்பளவு தடிமன், இறக்கைக்குக் கீழே ஒவ்வொரு பக்கமும் ஆறு சக்கரம், இறக்கை நுனியில் மடிப்பு, வளைவு எதுவும் கிடையாது. மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டியில் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு தலை நிமிராமல் போகிற லோடுமேன் அண்ணன்தான் ஞாபகத்துக்கு வந்தார்.

787 நேர் எதிர். எஞ்சின் கூட்டின் பின்விளிம்பு முழுக்கப் பல் பல்லாக வெட்டியிருக்கும், பட்டுச்சேலையில் தாழம்பூ ரேக்கு பார்த்திருப்பீர்களே, அச்சு அசல் அதுதான். சத்தத்தைக் குறைக்கத்தான் அந்த வெட்டு, வெளியே பாய்கிற காற்றுகள் பக்குவமாகக் கலக்குமாம். ஓடுபாதையை விட்டு எழும்போது இறக்கை இரண்டும் மேலே வளையும், ஆடுகிறவள் கையைத் தூக்குகிற மாதிரி.

வெலிங்டனில் எங்கள் பக்கத்து வீட்டு இந்திக்கார அக்காவுக்கு இந்தக் குழப்பமே இல்லை. அவர்கள் மொழியில் ஜஹாஸ் ஆண், காடி பெண், இலக்கணமே முடிவு செய்துவிடுகிறது. நமக்கு எல்லாமே அஃறிணை, அது வந்தது, அது போனது. அதனால்தான் ஒரு பொருளை 'அவ' என்று நாம் சொன்னால் அது மனசிலிருந்து வருகிறது என்று நான் நம்புகிறேன்.

2024ல் பெங்களூரு விமான நிலையத்தில் ஏர்பஸ் ஏ350 விமானத்தைக் காட்டி மகளிடம் "பாரு, கண்ணுக்கு மை போட்டிருக்கா" என்றேன். விமானி ஜன்னலைச் சுற்றிக் கறுப்பாக ஒரு பட்டை இருக்கும் அதற்கு. "தம்பிக்கும்தானே மை வெச்சீங்க, அது பையனாக்கூட இருக்கலாம்" என்றாள். பதில் சொல்ல வரவில்லை.

போன மார்கழியில் ஒரு காலை, பனி விலகினதும் அப்பாவைத் திண்ணையில் வெயிலுக்கு உட்கார வைத்திருந்தேன். வானத்தில் ஒரு வெள்ளைக்கோடு. அவருக்கு இப்போது பார்வை மங்கல், இருந்தாலும் "கோடு எத்தனை பாரு" என்றார். தொடக்கத்தில் எஞ்சினுக்கு ஒன்றாக நான்கு, பின்னால் போகப் போக இரண்டாகச் சேர்ந்திருந்தன. போனில் பார்த்தேன், சரக்கு ஏற்றிப் போகிற 747. சொன்னேன்.

"இன்னும் ஓடுறானா" என்று கேட்டுவிட்டு, திண்ணைத் தூணைப் பிடித்து எழுந்து நின்றார்.