கலிபோர்னியா புகைச் சோதனை: இரண்டு மானிட்டர்கள் நிறைவடையவில்லை

ஃபிரெஸ்னோவில் நான் ஓட்டும் 2016 மாடல் டீசல் லாரி, 14,000 பவுண்டுக்கு மேற்பட்ட டீசல் வண்டிகளுக்குக் கலிபோர்னியா ஆண்டுக்கு இருமுறை கட்டாயமாக்கியுள்ள புகைச் சோதனையில், துகள் வடிகட்டி (புகைக்கரியைப் பிடிப்பது), எஸ்சிஆர் (புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்கும் அமைப்பு) ஆகிய இரண்டின் ஓபிடி மானிட்டர்கள் (வண்டியின் கணினி தானே செய்யும் சுயசோதனைகள்) நிறைவடையாததால் தேறாமல் நிற்கிறது. மூன்று வாரங்களுக்கு முன் நாக்ஸ் (நைட்ரஜன் ஆக்சைடு) சென்சாரை மாற்றிய பட்டறையில் பிழைக் குறியீடுகளை அழித்தார்கள். அன்றிலிருந்துதான் இந்தச் சிக்கல். எச்சரிக்கை விளக்கு எரியவில்லை, புதிய குறியீடும் இல்லை. வண்டியை நிறுத்திவைத்து ரீஜென் (வடிகட்டியில் சேர்ந்த கரியை எரித்தல்) செய்தேன். இரவு முழுக்க இன்ஜினைக் குளிரவிட்டு, காலையில் கிளப்பி, நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஒரு மணி நேரம் ஓட்டியும் பார்த்தேன். குறியீடுகளை மறுபடி அழித்தால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும் என்பதால் அதைத் தொடவில்லை. கெடு முடிய 12 நாட்களே உள்ளன; என் பிழைப்பே இந்த வண்டிதான். இதே நிலையைக் கடந்தவர்களுக்கு, இந்த இரண்டு மானிட்டர்களும் நிறைவடைய எத்தகைய ஓட்டம், எத்தனை முறை தேவைப்பட்டது?