மாட்டுக் கொட்டகையின் மேல் சாய்ந்து கிடக்கும் வேப்பமரம்: எங்கிருந்து அறுக்கத் தொடங்குவது?

வயல்வெளி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். மன்னார்குடிக்கு அருகில் உள்ள எங்கள் வீட்டுக் கொல்லையில் நின்ற வேப்பமரம், நேற்று முன்தினம் இரவு அடித்த காற்றிலும் மழையிலும் வேரோடு சாய்ந்துவிட்டது. அடிமரத்தின் விட்டம் ஒன்றரை அடிக்குக் குறையாது. வேர்ப்பகுதி மண்ணோடு பெயர்ந்து என் தோள் உயரத்துக்கு எழும்பி நிற்கிறது. நடுமரம் மதில் சுவரின் மேல் கிடக்கிறது. தலைப்பகுதி மாட்டுக் கொட்டகையின் ஓடுகளை உடைத்துக்கொண்டு உள்ளே இறங்கியிருக்கிறது. மாடுகளை அன்றிரவே அவிழ்த்து வேறிடத்தில் கட்டிவிட்டோம். கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயர் கிளைகளுக்கு நடுவே சிக்கித் தொய்ந்திருக்கிறது. ஊரில் இன்னும் மின்சாரம் வரவில்லை.

68 வயதான என் தந்தை, மின்சாரம் வருவதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும் என்று அரிவாளைத் தீட்டி வைத்திருக்கிறார். பக்கத்துத் தெருத் தம்பி ஒருவரிடம் பவர் சா (இயந்திர ரம்பம்) இருக்கிறது. நாளைக் காலை வருவதாகச் சொல்லியிருக்கிறார். எதை நாங்களே செய்யலாம், எதில் கை வைக்கக் கூடாது என்று அனுபவம் உள்ளவர்கள் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற மின்பணியாளர்:

தங்கள் தந்தையிடம் முதலில் அரிவாளைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். மின்சாரம் வருவதற்குள் முடித்துவிடலாம் என்ற அந்த எண்ணமே ஆபத்தானது. ஊர் இருளில் இருப்பதால் கம்பி செத்துக் கிடக்கிறது என்று பொருளில்லை. துணை மின்நிலையத்தில் பாதையைச் சரிபார்ப்பதற்காக எந்த நிமிடமும் மின்சாரம் ஏற்றப்படலாம். உங்கள் கொல்லையில் ஒருவர் கிளை வெட்டிக்கொண்டிருப்பது அங்கே இருப்பவருக்குத் தெரியாது. தெருவில் யாராவது ஜெனரேட்டரை முறையாகப் பிரிக்காமல் வீட்டு இணைப்பில் கொடுத்திருந்தால், அந்த மின்சாரமும் கம்பி வழியே பின்னோக்கி வரக்கூடும்.

இன்னொன்றையும் பலர் அறிவதில்லை. வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்தால் வீட்டுக்குள் செல்லும் மின்சாரம் மட்டுமே நிற்கும். கம்பத்துக்கும் மீட்டருக்கும் இடையில் உள்ள சர்வீஸ் ஒயரில் அது நிற்காது. அதைக் கம்பத்தில்தான் துண்டிக்க வேண்டும், அதையும் மின்வாரியப் பணியாளர்தான் செய்ய வேண்டும். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணில் புகாரைப் பதிவு செய்து, ஒயர் மரத்தில் சிக்கியிருப்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். அவர்கள் வந்து அகற்றும்வரை 30 அடிக்குள் யாரும் போக வேண்டாம். மழையில் நனைந்த பச்சை மரம் மின்சாரத்தைக் கடத்தும். கொட்டகைக்கும் மரத்துக்கும் இடையே துணி காயப்போடும் இரும்புக் கொடிக்கம்பி இருக்கிறதா என்று தூரத்தில் நின்றே பாருங்கள். நான் பணியில் இருந்த காலத்தில், அறுந்து விழுந்த ஒயர் கொடிக்கம்பியில் பட்டிருந்ததை அறியாமல், ஈரத் துணியை எடுக்கப் போன பெண்மணி ஒருவரை இழந்தோம். ஒயர் இருந்ததோ கொல்லையின் மறுகோடியில்.

பட்டுக்கோட்டை விவசாயி:

ஒயரைப் பற்றி ஐயா சொன்னதற்கு மேல் நான் சேர்க்க ஒன்றுமில்லை. மரத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது எங்கள் தோப்பே படுத்துவிட்டது. தென்னைகளை ஒருவாறு அப்புறப்படுத்திவிட்டோம். வீட்டோரம் வேரோடு சாய்ந்திருந்த பலாமரத்தில்தான் என் மைத்துனருக்குக் கால் முறிந்தது. கிளைகளையெல்லாம் கழித்த பிறகு, அடிமரத்தின் மேல் ஏறி நின்றுகொண்டு வேரிலிருந்து மூன்று முழம் தள்ளி அறுக்கச் சொன்னார். ரம்பம் பாதிக்கு மேல் இறங்கியதும் ‘சடக்’ என்று ஒரு சத்தம். அதுவரை மரத்தின் பாரம்தான் வேரையும் அதில் ஒட்டிய மண்ணையும் தூக்கிப் பிடித்திருந்தது. அந்தப் பாரம் விடுபட்டதும் வேர்ப்பகுதி குழிக்குள் விழுந்தது. தூர் ஏற்றம்போல் எழுந்து நின்றது. அதன் மேல் நின்றிருந்தவர் தூக்கி எறியப்பட்டார். குழியின் பக்கம் யாராவது நின்றிருந்தால் உயிரோடு மீட்டிருக்க முடியாது. உங்கள் வீட்டில் பிள்ளைகள் இருந்தால், அந்தக் குழிக்குள் இறங்கி விளையாடாதபடி இன்றே முள் வெட்டிப் போட்டு அடையுங்கள்.

ஆகவே, வேரை ஒட்டிய அறுப்பைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அதையும் நீங்களே செய்யாதீர்கள். ஜேசிபி ஒன்றை வாடகைக்கு அழைத்து, அதன் வாளியால் வேர்ப்பகுதியைத் தாங்கிப் பிடிக்கச் செய்து, அதன் பிறகு அனுபவம் உள்ளவரைக் கொண்டு அறுக்கச் செய்யுங்கள்.

மற்றக் கிளைகளிலும் இதே விசைதான் மறைந்திருக்கிறது. பச்சை வேப்பங்குச்சி ஒன்றை ஒடித்துவிடாமல் வளைத்துப் பாருங்கள்: உட்புறத் தோல் சுருங்கும், வெளிப்புறத் தோல் விரிந்து வெடிக்கப் பார்க்கும். விரிந்த பக்கத்தில் முதலில் ரம்பம் வைத்தால் கிளை வெடித்துப் பிளந்து முகத்தில் அடிக்கும். சுருங்கிய பக்கத்தில் கனத்தில் மூன்றில் ஒரு பங்குவரை மட்டும் அறுத்து (அதற்கு மேல் போனால் ரம்பம் இறுகி மாட்டிக்கொள்ளும்), பிறகு விரிந்த பக்கத்திலிருந்து அறுத்து முடிக்க வேண்டும். இரு முனையும் தாங்கப்பட்டு நடுவில் தொய்யும் மரத்துக்குச் சுருங்கிய பக்கம் மேலே இருக்கும். ஒரு முனை மட்டும் தாங்கப்பட்டு மறுமுனை அந்தரத்தில் தொங்கும் கிளைக்கு அது கீழே இருக்கும். எது எந்தப் பக்கம் என்று உறுதியாகத் தெரியாத கிளையைத் தொடாதீர்கள். தரையில் அழுந்தி வில்லாக வளைந்து நிற்கும் இளங்கிளைகளைச் சாதாரணமாக எண்ணிவிட வேண்டாம். அவை அரிவாள் பட்டதும் சாட்டையாக வீசும்.

கொட்டகைக்குள் இறங்கியிருக்கும் தலைப்பகுதியை அறுக்க யாரும் உள்ளே போகக் கூடாது. ஒன்றரை அடி விட்டமும் பத்தடி நீளமும் உள்ள பச்சை மரத்துண்டு ஏறத்தாழ 400 கிலோ வரும். உடைந்த கைமரங்கள் அதை எவ்வளவு நேரம் தாங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பெரிய வாதுகளுக்கு முதலில் முட்டுக் கொடுங்கள். அறுப்பதற்கு முன் கொட்டகையை நான்கு பக்கமும் புகைப்படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலருக்கும் தகவல் சொல்லிவிடுங்கள்.

பவர் சா கொண்டுவரும் தம்பி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு செருப்போடு வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். முழுக்கால் சட்டை, காலணி, கண்ணாடி, தலைக்கவசம் ஆகியவை கட்டாயம் வேண்டும். ரம்பத்தின் நுனியின் மேற்பகுதி எதிலாவது பட்டால், ரம்பம் நொடியில் அறுப்பவரின் முகத்தை நோக்கித் திரும்பும். தோளுக்கு மேல் தூக்கி அறுப்பதும் ஏணியில் நின்று அறுப்பதும் வேண்டவே வேண்டாம்.

வயல்வெளி:

மிக்க நன்றி. மின்னகத்தில் பதிவு செய்துவிட்டேன். டிராக்டரில் கயிறு கட்டி மரத்தை மதிலிலிருந்து இழுத்துவிடலாம் என்று என் சித்தப்பா சொல்கிறார். அது சரியாக வருமா?

பட்டுக்கோட்டை விவசாயி:

வேண்டாம். இழுக்கும்போது மரம் எந்தப் பக்கம் உருளும் என்று தெரியாது, வேர்ப்பகுதியும் அசையும். நைலான் கயிறு இழுபட்டு நீண்டு அறுந்தால், அறுந்த முனை ஆளை வெட்டிவிடும். துண்டு துண்டாகக் குறைப்பதுதான் நல்லது, இரண்டு நாள் ஆனாலும் ஆகட்டும்.

செவிலி:

மருத்துவமனையில் புயலுக்கு மறுநாள் வருபவர்களைப் பார்த்துப் பழகியவள் என்ற முறையில் ஒரு வேண்டுகோள். இலைக்குவியலுக்குள் வெறுங்கையை விடாதீர்கள். மழைக்குப் பிறகு விரியன் அங்கேதான் சுருண்டு கிடக்கும். கழியால் தட்டிவிட்டு, பிறகு தொடுங்கள். கடித்துவிட்டால் கீறவோ, இறுக்கிக் கட்டவோ வேண்டாம். கடிபட்டவரை நடக்கவிடாமல் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். வெட்டுக்காயத்தில் இரத்தம் பீறிட்டால், சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் எடுத்துப் பார்க்காமல் அழுத்திப் பிடியுங்கள். இருட்டிய பிறகும், தனியாளாகவும் வேலை செய்யாதீர்கள். களைப்பு வந்த பிறகும் ‘இந்த ஒரு கிளையோடு முடித்துவிடலாம்’ என்று தொடர்ந்தவர்களுக்கு நான் எத்தனையோ தையல் போடப்பட்டதைப் பார்த்திருக்கிறேன்.

வயல்வெளி:

அனைவருக்கும் தகவலுக்காக எழுதுகிறேன். மறுநாள் முற்பகல் லைன்மேன் வந்து கம்பத்தில் இணைப்பைத் துண்டித்து ஒயரை எடுத்துவிட்டார். அன்று முழுவதும் தரையை ஒட்டிய கிளைகளை மட்டும் கழித்தோம். தந்தை தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இழுத்துவந்து போட்ட சிறுகிளைகளை மட்டும் அரிவாளால் நறுக்கினார்.

இன்று காலை ஜேசிபி வாளி வேர்ப்பகுதியைத் தாங்கிப் பிடித்திருக்க, அடிமரத்தை அறுத்தார்கள். துண்டு விலகியதும் ஓட்டுநர் வாளியைச் சிறுகச் சிறுக இறக்கினார். வேர் குழிக்குள் இறங்க இறங்க, தூர் தானாக நிமிர்ந்து, சாய்வதற்கு முன் நின்ற இடத்திலேயே நேராக நின்றது. தந்தை அருகில் போய் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, முந்தாநாள் தாம் அரிவாளோடு நின்ற இடம் எது என்று கையால் காட்டினார். அது குழியின் விளிம்பு.