பாப்பாவின் மூன்று நிமிடப் பேச்சு

குழு: நம்ம வீடு

தங்கை: அண்ணா, பள்ளியில் தாய்மொழிகளுக்கான இரண்டு வார நிகழ்ச்சி, தாய்மொழி இருவாரம், வருகிறது. பாப்பா வகுப்பில் ஒரு கவிஞரைப் பற்றி 3 நிமிடம் பேச வேண்டும். அழ. வள்ளியப்பாவைப் பற்றிப் பேசுகிறேன் என்று பெயர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை பேச்சு.

அண்ணன்: ரொம்ப சந்தோஷம்! யார் சொல்லிக் கொடுத்தது?

தங்கை: யாருமில்லை. லட்டுப் பாட்டு எழுதியவர் அவர்தான் என்று ஆசிரியர் சொன்னாராம். உடனே கையைத் தூக்கியிருக்கிறாள்.

அம்மா: அந்தப் பாட்டைச் சொல்லிச் சொல்லித்தானே இவளுக்குச் சோறு ஊட்டினேன். 😊

தங்கை: இதுவரை எழுதியது: “பிறப்பு 7.11.1922, புதுக்கோட்டைப் பக்கம் இராயவரம். பெற்றோர் அழகப்பன், உமையாள் ஆச்சி. மறைவு 16.3.1989.” அடுத்து நூல்களின் பெயர்கள். போதுமா?

அண்ணன்: தேதியை ஒரு வரியில் முடித்துவிடு. அவர் என்ன வேலை பார்த்தார் என்று எழுதினாயா? இளம் வயதில் சக்தி பத்திரிகை அலுவலகத்தில் சேர்ந்தார். அங்கே இருந்த எழுத்தாளர் தி.ஜ.ர. தான் எழுதச் சொல்லித் தூண்டினார். அப்புறம் இந்தியன் வங்கி. 1982-இல் ஓய்வு பெறும்வரை அங்கேதான். பகலெல்லாம் வங்கிக் கணக்கு, மற்ற நேரத்தில் பிள்ளைகளுக்குப் பாட்டு. 1944-இல் வந்த ‘மலரும் உள்ளம்’ தொகுப்பில் 23 பாடல்கள்தான். பத்து வருடம் கழித்து வந்த தொகுப்பில் 135.

அண்ணன்: இன்னொன்று. இதை விடவே கூடாது. 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தொடங்க முன்னின்றவர் அவர். பிள்ளைகளுக்கு எழுதுவதைச் சின்ன வேலையாகப் பார்த்த காலத்தில் அந்த எழுத்தாளர்களை ஒன்றுசேர்த்தார். பூஞ்சோலை, பிறகு கோகுலம் என்று இதழ்களுக்கு ஆசிரியராக இருந்து மற்றவர்கள் எழுத்தையும் வெளியே கொண்டுவந்தார். தன் பாட்டை மட்டும் எழுதிவிட்டுப் போயிருந்தாலும் புகழ் கிடைத்திருக்கும். அவர் அப்படிப் போகவில்லை. எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இதுதான்.

அண்ணி: நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் சங்கம், ஆசிரியர் பதவி என்று அடுக்கினால் தொடக்கநிலை 4 பிள்ளைகள் கேட்பார்களா? பாட்டிலிருந்து தொடங்கட்டும். எட்டு லட்டைக் கிட்டுவும் பட்டுவும் பாதி பாதியாக எடுத்துக்கொள்கிறார்கள். கடைசியில் தட்டு காலி. கணக்குப் பாடம் என்று தெரியாமலே பிள்ளை கணக்குப் போடுகிறது. வரிக்கு வரி ‘ட்டு’ என்று முடிவதால் ஒரு தடவை கேட்டாலே வாயில் ஒட்டிக்கொள்கிறது. எங்கேயும் கடினமான சொல் இல்லை, ‘நீ நல்ல பிள்ளையாக இரு’ என்ற உபதேசமும் இல்லை. அண்ணனும் தங்கையும் சமமாகப் பகிர்ந்துகொள்கிறார்கள், அவ்வளவுதான்.

தங்கை: அண்ணி, இதை அப்படியே எழுதிக்கொள்கிறேன். 🙏

அம்மா: நம்ம சிங்கப்பூர்க் கவிஞர் இக்பாலையும் ஒரு வரி சொல்லச் சொல்லுமா.

தங்கை: க.து.மு. இக்பாலா அம்மா?

அம்மா: ஆமாம். கடையநல்லூரில் பிறந்து, சின்னப் பையனாக 1951-இல் சிங்கப்பூர் வந்தவர். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வானொலிக்காக 200-க்கு மேல் சிறுவர் பாட்டு எழுதினார். அப்போது தமிழ்ப் பாட்டுப் புத்தகம் எத்தனை வீட்டில் இருந்தது? வானொலி இருந்தது. நீங்கள் இரண்டு பேரும் அதைக் கேட்டுத்தான் பாடினீர்கள்.

அண்ணன்: 2014-இல் கலைஞர்களுக்குச் சிங்கப்பூர் தரும் உயரிய விருதான கலாசாரப் பதக்கம் வாங்கினார் அம்மா. இவரைச் சொல்லாமல் இங்கே சிறுவர் பாட்டைப் பற்றிப் பேச முடியாது. கட்டாயம் சேர்க்கட்டும்.

தங்கை: பாப்பா கேட்கிறாள்: “மாமா, வங்கியில் வேலை பார்த்தால் களைப்பாக இருக்காதா? எப்போது எழுதினார்?”

அண்ணன்: நல்ல கேள்வி, கண்ணு! அதையே பேச்சில் கேள். கேட்டுவிட்டு, ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்காமல் கோகுலம் இதழுக்குக் கெளரவ ஆசிரியராக இருந்தார் என்று சொல். கடைசியாக அவர் மயங்கி விழுந்ததும் மதுரைப் பல்கலைக்கழகக் கூட்டம் ஒன்றில்தான்.

அண்ணி: அந்தக் கடைசி வரி வேண்டாம். பிள்ளைகள் முகம் வாடிவிடும்.

அண்ணன்: சரி, அது வேண்டாம். சங்கம் மட்டும் இருக்கட்டும், இரண்டு வரியாவது.

அண்ணி: இரண்டு வரி என்றால் சரி. லட்டுப் பாட்டு முதலில், அப்புறம் வங்கி, சங்கம், கடைசியில் இக்பால்.

தங்கை: அப்படியே செய்கிறோம். நாளை வேலை முடிந்ததும் உட்லண்ட்ஸ் நூலகத்தில் ‘மலரும் உள்ளம்’ இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

அம்மா: கிடைத்தால் எனக்கும் இரண்டு நாள் கொடு.